தீவனக் கடையில் ஓர் உள்நோயாளி

எங்கள் கார்விட் மாவட்டத்தில் டாக்டர் கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கடலும்தான் கிடையாது, அதற்காக யாராவது அழுகிறோமா? கோதுமை இருக்கிறது, மாடு இருக்கிறது, வருஷத்தில் பாதி நாள் தலைத்தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது வந்தால் ட்வைலா இருக்கிறாள்.

ட்வைலா நர்ஸ். சாதாரண நர்ஸ் இல்லை. மேலே மேலே படித்து, நோயைக் கண்டுபிடிக்கலாம், மருந்தும் எழுதலாம் என்று அரசாங்கமே அனுமதி கொடுத்த நர்ஸ். அறுவடை இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவனுக்குத் தையல் போடுவாள். பனிப்புயலில் ரோடு அடைத்துக்கொண்டால் பிரசவம் பார்ப்பாள். என் சர்க்கரை வியாதியைக் கண்டுபிடித்தவள் அவள்தான், என் டோனட்டை நிறுத்தியவளும் அவள்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் மார்ஃபின் மாதிரி கடுமையான வலி மருந்துகளை அவள் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. அவற்றுக்குக் கட்டுப்பாட்டு மருந்துகள் என்று பெயர். அவற்றை எழுத வேண்டுமானால், அவளை மேற்பார்வை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்ட டாக்டர் ஒருவர் ஐம்பது மைலுக்குள் இருக்க வேண்டும். இது எங்கள் மாநிலச் சட்டம். அந்த டாக்டர் நோயாளியைப் பார்க்க வேண்டியதில்லை. ட்வைலாவையும் பார்க்க வேண்டியதில்லை. போனை எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருந்தால் போதும். ட்வைலாவுக்கு அப்படி இருந்தவர் டாக்டர் ரஸ்க். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பக்கத்து மாவட்டத்து ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு அது முழுத் திருப்தியாக இருந்தது.

அந்தக் கோடையில் ரஸ்கின் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. மனிதர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சப் போனவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் அவர் போனதோடு எங்கள் ஊரில் நெல்டா பிகெட்டின் வலி மருந்தும் போய்விட்டது.

நெல்டா எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பேரைக் கரண்டியால் மிரட்டிச் சாப்பிட வைத்திருக்கிறாள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. நகரத்து டாக்டர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அதற்கு ஒப்பாரி வைக்கவில்லை. தன் படுக்கையில், தன் ஜன்னலோரம், வலியில்லாமல் சாக வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அவள் புருஷன் ஹார்லன் தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் செய்கிறவன், என் சின்ன வயசுச் சிநேகிதன். அவள் கேட்டு அவன் செய்யாமல் விட்டது எதுவுமில்லை. இதையும் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தான், பாவம்.

மருந்து தீரப்போகிறது என்று அவன் ட்வைலாவின் கிளினிக்குக்கு வந்தபோது நானும் என் சர்க்கரைக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"எழுத முடியாது ஹார்லன்," என்றாள் ட்வைலா. சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன ட்வைலா, போன வாரம் எழுதினியே? அதே மருந்து, அதே நெல்டா."

"போன வாரம் ரஸ்க் ஏரியில இருந்தார்."

"மீன்தானே புடிச்சிட்டிருந்தார்?"

"ஆமா. ஆனா ஐம்பது மைலுக்குள்ள புடிச்சிட்டிருந்தார்."

ஹார்லன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இது ஏதோ வேடிக்கைப் பேச்சு, இப்போது எல்லாரும் சிரிப்போம் என்று அவன் எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

"நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல நான் படிச்சதை ஒண்ணும் மறந்துடல," என்றாள் ட்வைலா. "கை அதே கைதான். ஆனா நான் எழுதினா எந்த மருந்துக்கடையிலயும் எடுக்காது. கம்ப்யூட்டரே துப்பிடும். ஊர் ஊரா டாக்டருங்களுக்குப் போன் போட்டுட்டிருக்கேன். ஐம்பது மைலுக்குள்ள ஒருத்தர்கூட இல்ல ஹார்லன். ஒருத்தர்கூட."

வீட்டுக்கே வந்து கடைசிக் காலத்தைப் பார்த்துக்கொள்கிற சேவை ஒன்று நகரத்தில் உண்டு. அவர்களுக்கும் போன் செய்தோம். கார்விட் என்றதும், அவ்வளவு தூரம் வருவதில்லை என்று மிக இனிமையாகச் சொல்லிவிட்டு, எங்கள் மனசு ஆறட்டும் என்று போனில் கொஞ்ச நேரம் பியானோ இசை போட்டார்கள்.

சரி, நகரத்து ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று நெல்டாவை என் வண்டியின் பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். போக மூன்று மணி நேரம். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் ஹார்லனின் கையைக் கடித்தாள். கத்தக் கூடாது என்று கடித்தாள். நான் கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் வந்தார். நெல்டாவை அதற்கு முன் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப் போவதுமில்லை. செருப்பு வாரை மாட்டுகிற நேரத்தில் மார்ஃபின் எழுதிவிட்டார். மூன்று நாளைக்கு மட்டும்.

"புது நோயாளிக்கு அதுக்கு மேல தர்றதில்லைங்க," என்றார். "உங்க ஊர்ல உங்களை நல்லா தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்களே, மேற்கொண்டு அவங்ககிட்ட வாங்கிக்கங்க."

"இருக்காங்க. அவங்களைத்தான் சட்டம் எழுத விட மாட்டேங்குது," என்றான் ஹார்லன்.

"ஏன்? தெரிஞ்சவங்க எழுதினா நல்லதுதானே?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். நல்ல மனிதர். சட்டத்துக்கு உள்ளே இருக்கிறவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

திரும்பி வரும்போது நெல்டா சொன்னாள்: "ஹார்லன், இனிமே என்னை வண்டில ஏத்தாதே. ஏத்தினே, குதிச்சிடுவேன். இந்த ரோட்டு வலிக்கே அந்த மருந்து பூரா காலி."

அவள் சொன்னது சரிதான். அந்த மருந்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்து இழுத்துப் பார்த்தார்கள். பாதி மருந்து என்றால் பாதி வலி என்று கணக்கு வராது. அந்த வாரம் அந்த வீட்டுக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து முனகல் கேட்கும். பேச்சால் உலகத்தை மிரட்டிய பெண், பேசாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் மாட்டு டாக்டர் மெர்ல் என் கிழட்டுக் குதிரையைப் பார்க்க வந்தான். அதற்குக் குளம்பில் சீழ், நிற்க முடியவில்லை. மெர்ல் பையைத் திறந்து ஊசியை ஏற்றினான். குதிரை ஒரு பெருமூச்சு விட்டு, சற்று நேரத்தில் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாந்தமாக நின்றது. என் கடைக்குத் தீவனம் வாங்க வந்த ஹார்லன் இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மாடு வைத்திருக்காதவன் தீவனம் வாங்க வந்ததை நான் அப்போது யோசிக்கவில்லை.

"மெர்ல், அது அந்த மாதிரி மருந்துதானே?"

"அந்த ஜாதிதான்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"யாரைக் கேக்கணும்? குதிரையையா?"

ஹார்லன் சிரிக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெர்ல், ஒரு தடவை எங்க வீட்டுக்கு வாயேன்," என்றான்.

மெர்ல் பையை டக்கென்று மூடினான். "கேக்காதடா. நெல்டாவுக்கு நாலு கால் இருந்தா இந்த நிமிஷமே வருவேன். மனுஷிக்குப் போட்டா என்னை உள்ள தூக்கி வெச்சிடுவாங்க. இன்னொரு தடவை கேக்காதே, கேட்டா போட்டுடுவேன்."

குதிரைக்கு வாங்க வேண்டிய கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டான். எனக்கு அந்தக் குதிரையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அது என்ன செய்யும், சட்டப்படி வலி தீர்ந்த ஜீவன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் தலைநகரத்துக்குப் போனோம். அங்கே மருந்தெழுதும் அதிகார வாரியம் என்று ஒன்று இருக்கிறது. எந்த மருந்தை யார் எழுதலாம் என்று தீர்மானிக்கிறவர்கள். ட்வைலா நெல்டாவோடு இருந்துகொண்டாள். ஹார்லன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டான். பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை.

பளிங்குக் கட்டிடம். வாசலில் எங்கள் பாக்கெட்டைச் சோதித்து, ஹார்லனின் ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே நீளமான மேஜைக்குப் பின்னால் ஒன்பது டாக்டர்கள். தலைவர் பெயர் டாக்டர் எல்ஸ்வொர்த் பென்னிக். கூட்டம் தொடங்கும்போது எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். மேற்பார்வை இல்லாமல் எழுதப்பட்ட மருந்துகளால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம். நானும் தொப்பியைக் கழற்றி நின்றேன். முடிந்ததும் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம், யார் யார் பாதிக்கப்பட்டார்கள் என்று மெல்லக் கேட்டேன்.

"எங்களுக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் யாரும் இல்லைங்க," என்றார். "ஆனா ஒவ்வொரு மாசமும் நிக்கறோம்."

ஹார்லனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பம்பில் என்ன கோளாறு என்று சொல்வது மாதிரி, எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, என்ன கொடுத்தால் நிற்கிறது என்று வரிசையாகச் சொன்னான். கடைசியில், "ட்வைலா எழுதிக்கிட்டிருந்தா. அவளையே எழுத விடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்று முடித்தான்.

பென்னிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் அவ்வளவு கருணை.

"மிஸ்டர் பிகெட், உங்க மனைவியோட வலி இந்த வாரியத்துக்கு ரொம்ப முக்கியம். அதனாலதான் அதைக் கண்டவங்களும் குறைச்சிட முடியாதபடி பாத்துக்கறோம்."

"ட்வைலா கண்டவ இல்லைங்க."

"நான் தனிப்பட்ட ஆளைச் சொல்லல. அந்தம்மா திறமைசாலியாவே இருக்கட்டும். அங்கதான் ஆபத்தே. ஒரு டாக்டர் உருவாக பதினோரு வருஷம் ஆகுது. அந்தப் பதினோரு வருஷம் நான் தூங்கல. என் முதல் கல்யாணம் அதுலதான் முறிஞ்சது. ரெண்டாவதும் ஏறக்குறைய அதுலதான். நாளைக்கு ஒரு நர்ஸ் அதே மருந்தை அதே அளவுல எழுதி, நோயாளிக்கும் அதே மாதிரி வலி நின்னுட்டா, நான் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஜனங்க என்ன நினைப்பாங்க? டாக்டர்ங்கற வார்த்தைக்கே நோயாளி மேல இருக்கற நம்பிக்கை போயிடும்." ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நோயாளிக்கு டாக்டர் மேல இருக்கற நம்பிக்கை," என்று திருத்திக்கொண்டார். மேஜைக்குப் பின்னால் எட்டுத் தலைகள் ஆடின.

"இன்னொண்ணு," என்றார் மேஜை ஓரத்தில் இருந்த ஒரு டாக்டர். "இந்த மருந்துக்கு உங்க மனைவி அடிமையாயிடக் கூடாது பாருங்க."

"அவ வர்ற பனிக்காலத்தையே பாக்க மாட்டா, ஐயா."

"நான் நீண்டகால நோக்குல சொல்றேன்."

ஹார்லன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். அடித்துவிடுவானோ என்று நான் எழுந்தேன். அவன் அழுதான். எல்லார் முன்னாலும், கோட்டோடு, நின்றபடியே அழுதான். எனக்கு அவர்கள் ஒன்பது பேரையும் என் வண்டியின் பின்னால் ஏற்றி அந்த மூன்று மணி நேர ரோட்டில் ஓட்ட வேண்டும் என்றிருந்தது.

அழுகையைப் பார்த்ததும் வாரியம் கலங்கிப்போய்விட்டது. அவர்களும் மனிதர்கள்தானே. மேற்பார்வைக்கு ஆள் பிடிக்கலாம் என்று தேடினார்கள். தலைநகரத்திலேயே ஒரு டாக்டர் தயாராக இருந்தார். முகச் சுருக்கம் நீக்குகிறவர். வலி மருந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது தடையில்லை. அவர் இருநூறு மைல் தள்ளி இருப்பதுதான் தடை. கடைசியில் வாரியத்தின் வக்கீலம்மா, மிஸ் ஒட்டிலி கிரேன், தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆஸ்பத்திரில உள்நோயாளியா இருக்கறவங்களுக்கு நர்ஸ் எழுதலாம், மேற்பார்வை டாக்டர் வேண்டாம். உங்க ஊர்லயே ஆஸ்பத்திரி இருக்கே. கார்விட் மாவட்டப் பொது மருத்துவமனை, பிரதான சாலை."

நான் கையைத் தூக்கினேன். "அம்மா, அது என் கடை."

"எது?"

"அந்த ஆஸ்பத்திரி. மூடி ரொம்ப வருஷமாச்சு. கட்டிடத்தை ஏலத்துல எடுத்து மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கேன். ஆபரேஷன் தியேட்டர்ல உப்புக்கட்டி அடுக்கியிருக்கேன், அங்கதான் ஈரம் வராது."

"மூடலையே," என்றார் மிஸ் கிரேன். "ஒரு ஆஸ்பத்திரியை மூடணும்னா அதோட தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கணும். விண்ணப்பம் வரலை."

"தலைமை டாக்டர் ஓடிப்போனதாலதானேம்மா மூடுச்சு?"

"அப்ப மூடறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல. அப்படின்னா சட்டப்படி திறந்துதான் இருக்கு."

ஒன்பது பேரும் கை தூக்கித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். இந்த வாரியத்துக்கு இதயம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று பென்னிக் சொன்னார். வெளியே வரும்போது ஹார்லனின் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாளே பரிசோதகர் வந்துவிட்டார். வெண்டல் என்று பெயர், மெலிந்த, மரியாதையான மனிதர். கையில் பலகை, அதில் பேனா கட்டித் தொங்கியது. என் கடையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோழித் தீவனம் இருந்த அறையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். அது பழைய பிரசவ வார்டு. அதை நெல்டாவுக்கு ஒதுக்கச் சொன்னார்.

"நோயாளி கண்ணுக்குப் படற மாதிரி தீவன மூட்டை இருக்கக் கூடாதுங்க."

"தூக்கிடறேன்."

"பார்வையாளர் நேரம்?"

"கடை திறந்திருக்கற நேரம்."

"பரிசுக் கடை இருக்கா? பெரிய ஆஸ்பத்திரின்னா எதிர்பார்ப்போம்."

"கல்லாப்பெட்டி பக்கத்துல குதிரைக் கழுத்துக் கயிறு, மாட்டு மணி, தொப்பி விக்கிறேன்."

"போதும், போதும்," என்று குறித்துக்கொண்டார். எல்லாவற்றிலும் அவருக்குப் பரம திருப்தி. கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரே ஒரு விஷயம். இந்தக் கட்டிடத்துக்குள்ள இருக்கற வரைக்கும்தான் அவங்க உள்நோயாளி. வாசலைத் தாண்டினா நோயாளி மட்டும்தான். மருந்தும் உள்ளயே இருக்கணும், வெளிய போகக் கூடாது," என்றார்.

இதை நெல்டாவிடம் சொல்ல வேண்டிய வேலை ஹார்லனுடையது. நானும் ட்வைலாவும் கதவோரம் நின்றோம். அவள் சுருண்டு படுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த ஜன்னல், அதற்கு அப்பால் அவள் வைத்த சூரியகாந்திச் செடிகள். ஹார்லன் தரையில் உட்கார்ந்து, தலையை அவள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அப்ப ஒண்ணு, இங்க இருந்துக்கிட்டுக் கத்தணும். இல்லேன்னா லாய்டோட தீவனக் கடைக்குப் போய் நிம்மதியா இருக்கணும். அதானே?"

லாய்ட் நான்தான்.

"அதான் நெல்டா."

"யாருய்யா யோசிச்சாங்க இதை?"

"ஒன்பது டாக்டருங்க."

"ஒன்பது பேரா! ஒருத்தனா இருந்தா இவ்வளவு வந்திருக்காது." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வலியாகிவிட்டது. அது அடங்கும் வரை நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்: "என்னால முடியல ஹார்லன். போலாம். ஆனா என் ஜன்னல்?"

ஹார்லன் எழுந்து வெளியே போனான். கடப்பாரையும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கே அந்த ஜன்னலைச் சட்டத்தோடு, கண்ணாடியோடு, அவள் தைத்த திரையோடு சுவரிலிருந்து பெயர்த்தான். என் கடைக்குக் கொண்டுவந்து பழைய பிரசவ வார்டின் சுவரை உடைத்து அதில் பொருத்தினான். ஆஸ்பத்திரிக்குள் சுவரை உடைக்க அனுமதி வேண்டுமா என்று வெண்டலிடம் போனில் கேட்டேன். சுவருக்கு டாக்டர் தேவையில்லை என்றார். வீட்டில் ஜன்னல் இருந்த இடத்தில் ஹார்லன் ஒரு பிளாஸ்டிக் தாளை ஆணி அடித்துவிட்டு வந்திருந்தான்.

நெல்டாவையும் அவள் கட்டிலையும் கொண்டுவந்தோம். ட்வைலா எழுதினாள். கம்ப்யூட்டர் துப்பவில்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடையிலிருந்து, கார்விட் மாவட்டப் பொது மருத்துவமனை, உள்நோயாளி பிகெட் என்று ஒட்டிய புட்டி வந்து சேர்ந்தது. முதல் வேளை கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் போர்வையை விட்டன. நெற்றி தளர்ந்தது. ஹார்லன் அவள் காலடியில் உட்கார்ந்து, ரிப்பேர் செய்த பம்பு ஓடுகிறதா என்று காது கொடுப்பவன் போல அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இங்க என்னடா கோழி நாத்தம்?"

நாங்கள் அப்படிச் சிரித்தோம். ட்வைலா சிரித்துக்கொண்டே வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்த ஜன்னல் வழியாகத் தெரிந்தது சூரியகாந்தி இல்லை. என் கடை முற்றம், டீசல் பேரல்கள், மூட்டை ஏற்ற வந்து நிற்கிற வண்டிகள். செய்தி பரவியதும் வருகிற போகிறவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு முன் நின்று தொப்பியைத் தூக்க ஆரம்பித்தார்கள். சர்ச்சுப் பெண்கள் நூடுல்ஸும் கோழியும் போட்ட தட்டுகளை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். நெல்டா சாப்பிடவில்லை. யார் உப்பு அதிகம் போட்டாள் என்று வாசனையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள், வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். மருந்து கொடுத்த சூட்டோடு கூட்டிக்கொண்டு போய், அது இறங்குவதற்குள் திரும்பிவிடலாம் என்று ட்வைலா சொன்னாள். வண்டியில் ஏற்றினோம். ஊர் எல்லையில் தானியக் கிடங்கைத் தாண்டியிருப்போம், ரோட்டுக் குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டு, "திருப்பு," என்றாள். ஹார்லன் திருப்பினான். அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, நாங்களும் பேச்சை எடுக்கவில்லை. வலி இல்லைதான். ஆனால் சில சமயம் அவள் கண்ணை மூடிக்கொண்டு, தன் சமையலறையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ஹார்லனிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவனும் ஆமா, ஆமா என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

வாரியத்திலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்தார். கிராமப்புற மருத்துவமனைகளுக்குப் புத்துயிர் என்று அவர்களுடைய பத்திரிகையில் போடப்போகிறார்களாம். நெல்டாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். நெல்டா அவரைப் பள்ளிக்கூடச் சமையலறையில் பார்க்கிற பார்வை பார்த்தாள். அவர் வெளியே போய்க் கட்டிடத்தைப் படம் எடுத்துக்கொண்டார். என் கடைப் பலகை தெரியாத மாதிரி எடுத்தார்.

இலையுதிர் காலத்தில், ஒரு முற்பகல், லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது நெல்டா போய்விட்டாள். சத்தமில்லை, முனகல் இல்லை. அவள் கேட்டதில் அது ஒன்று மட்டும் முழுசாக நடந்தது. நான் கையைத் தூக்கி மூட்டை இறக்குவதை நிறுத்தச் சொன்னேன்.

ஹார்லன் அவள் கையை வெகுநேரம் விடவில்லை. பிறகு விட்டான். எழுந்தான். கோட்டை மாட்டினான். பாக்கெட்டில் வண்டிச் சாவியைத் தேடினான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"எங்கடா கிளம்பறே?"

"கையெழுத்து வாங்கணுமே. இறந்துட்டான்னு யாராவது எழுதிக் கொடுக்கணும்ல? எந்த ஊரு டாக்டரு, எவ்வளவு தூரம், சொல்லு ட்வைலா, போயிட்டு வந்துடறேன்."

ட்வைலா கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"எங்கயும் போக வேணாம் ஹார்லன். உக்காருங்க. இதுல நான் கையெழுத்துப் போடலாம்."

"நீயா? யாரு மேற்பார்வை?"

"யாரும் வேணாம்."

"தனியாவா?"

"தனியாத்தான். இதுக்கு நான் போதும்னுதான் சட்டம்."

ஹார்லன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் என் கல்லா மேஜைக்குப் போய், என் பேனாவை வாங்கி, நெல்டாவின் இறப்புச் சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாருக்கும் போன் செய்யவில்லை. யாரையும் கேட்கவில்லை. அது எங்கேயும் தடைபடாமல், யாரும் திருப்பி அனுப்பாமல், அன்றைக்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது.